காலி டப்பாவின் எடை

வாலாஜாபாத் உரக்கடை இராமச்சந்திரன் வீட்டு வாசற்படியில் கிடந்த எவர்சில்வர் டப்பா, உள்ளே ஒன்றும் இல்லாத நிலையில், நானூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை இருந்தது. மூடியையும் சேர்த்து. கடையில் அதே அளவில் புதிதாக வாங்கினால் எண்ணூறு கிராம்கூடத் தேறாது. இரண்டு கிலோ முறுக்கு கொள்ளும். அடியில் ‘கோவிந்தம்மா 7.6.95’ என்று பெயர் வெட்டியிருக்கும்; மற்றபடி ஊரில் எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிற டப்பாதான். 2022 தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள் அது அங்கே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், அந்த வீட்டுக்குள் போன பால்காரர், கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர், உரக்கடன் கேட்டு வந்தவர் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். ஆண்கள் இதை ஆச்சரியமாகப் பேசிக்கொண்டார்கள். பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் கனக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள்.

அப்படித் திருப்பி அனுப்பியவர் வல்லக்கோட்டை கண்ணப்பன். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரகடத்தில் காருக்கு சீட்டு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருடைய வேலை பின் திருப்புவது. பின் என்றால் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி. சின்னச் சின்ன கம்பெனிகளிலிருந்து நட்டும் ஸ்பிரிங்கும் அந்தப் பெட்டிகளில் வரும்; சரக்கைக் கொட்டிக்கொண்ட பிறகு, பெட்டியைக் கழுவி, காயவைத்து, எண்ணி, சீட்டு எழுதி, யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டும். ஒரு நட்டு உள்ளே மாட்டிக்கொண்டு போனாலும் அது குற்றம். பத்தொன்பது வருஷத்தில் கண்ணப்பன் ஒரு நட்டுகூட மாட்டி அனுப்பியதில்லை. இதற்காகக் கம்பெனி அவருக்கு மூன்று சுவர்க் கடிகாரங்கள் கொடுத்திருந்தது. மூன்றும் ஹாலில் வரிசையாக மாட்டியிருந்தன, மூன்றும் வேறு வேறு நேரம் காட்டின.

அவருடைய மகள் இசைவாணி டிப்ளமோ முடித்துவிட்டு அதே சாலையில் இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். அங்கே லைனில் வேலை செய்த மணிகண்டபிரபுவுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. மணிகண்டபிரபு உரக்கடை இராமச்சந்திரனுக்கும் கோவிந்தம்மாவுக்கும் ஒரே பிள்ளை. முதல் ஜோசியர் பொருத்தம் இல்லை என்றார். இரண்டு வீட்டாரும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளைகளின் பிடிவாதம் தாங்காமல் இரண்டாவது ஜோசியரிடம் போனார்கள். அவர் காது சரியாகக் கேட்காத நல்ல மனிதர், எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தை மாதம் கல்யாணம் என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்தார்கள். அந்தத் தீபாவளிக்குக் கோவிந்தம்மா, நோன்புக்குப் படைத்த அதிரசத்தில் இருபத்தொன்றை எடுத்து, தன் கல்யாணச் சீராக வந்த டப்பாவில் அடுக்கி, மகன் கையில் வல்லக்கோட்டைக்குக் கொடுத்து அனுப்பினார். கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் படைத்த பலகாரத்தை வெளியாருக்குத் தரமாட்டார்கள். தந்தால் இனிமேல் நீங்களும் எங்கள் வீடு என்று அர்த்தம். கோவிந்தம்மா வாயால் சொல்லத் தெரியாத பெண்மணி, அதிரசமாகச் சொல்லி அனுப்பினார்.

அதிரசம் மூன்றே நாளில் தீர்ந்தது. கண்ணப்பனின் மனைவி காவேரி செல்போனுக்குப் பாகம் சேர்க்கிற கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட்டும் அதன் மேல் ஓவர்டைமுமாக ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. டப்பா சமையலறையில் காலியாக இருப்பதைக் கண்ணப்பன்தான் பார்த்தார். காலிப் பெட்டியைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சாம்பல் போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், வெந்நீரில் அலசினார், மொட்டை மாடியில் கவிழ்த்துக் காயவைத்தார். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு எள்ளை ஊசியால் எடுத்தார். மறுநாள் காலை டப்பாவைக் கம்பெனிக்கே எடுத்துப்போய், ஷிப்ட் முடிந்து வந்த மணிகண்டபிரபுவை வரவழைத்து ஒப்படைத்தார். பழக்க தோஷம், கூடவே ஒரு சீட்டும் எழுதினார்: ‘டப்பா – 1 எண். மூடி – 1 எண். காலி. சுத்தம். சேதம் இல்லை.’ வருங்கால மாப்பிள்ளையிடம் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அசல் சீட்டை மடித்து டப்பாவுக்குள் போட்டு மூடினார். பையனும் தினமும் ஐம்பது சீட்டில் கையெழுத்துப் போடுகிறவன்தான், யோசிக்காமல் போட்டான்.

ஒரகடத்தில் வண்டியை எடுத்தபோது டப்பா டப்பாவாகத்தான் இருந்தது. எழிச்சூர் தாண்டும்போது வண்டி இழுக்கவில்லை என்று மணிகண்டபிரபு நினைத்தான். தென்னேரிக்குப் பக்கத்தில் மூன்றாவது கியருக்கு மேல் ஏறவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. வாலாஜாபாத் எல்லையில் பின்சக்கரம் தரையோடு தரையாகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, ஓட்டை ஒன்றும் இல்லை, பாரம் ஜாஸ்தி, இன்னா ஏத்திகினு வர்ற என்று கேட்டார். அவன் டப்பாவைக் காட்டினான். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, சீட்டைப் படித்து, மூடிவிட்டார். காற்று அடித்ததற்குக் காசும் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் மகன் மூச்சு வாங்க டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கோவிந்தம்மா ஆசையாகத்தான் திறந்தார். சம்பந்தி வீட்டுக் கைப்பக்குவம் எப்படி என்று பார்க்கிற ஆசை. உள்ளே சீட்டு இருந்தது. ஒரு முறை படித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். சீட்டை உள்ளேயே போட்டு மூடினார். மகன் கை நழுவி டப்பா வாசற்படியில் இறங்கியது. அதற்குப் பிறகு அது நகரவில்லை.

“எங்க வூட்டு நோன்பு அதிரசம் அனுப்பினேன்டா. காலி, சுத்தம்னு எழுதி அனுப்பிகிறாரு,” என்றார் கோவிந்தம்மா. அவ்வளவுதான்.

உரக்கடையில் ஐம்பது கிலோ மூட்டையைக் கையில் ஒன்று தோளில் ஒன்று என்று தூக்குகிறவர்கள் நாலு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்தது. மணிகண்டபிரபு கூரைக் கொக்கியில் சங்கிலிக் கப்பி மாட்டி இழுத்தான். கொக்கி கையோடு வந்தது. கடைசியில் தெரிந்த பையன் ஒருவனிடம் எடை காட்டுகிற ஜாக்கியை இரவல் வாங்கி வந்து அடியில் நுழைத்து அழுத்தினார்கள். டப்பா ஒரு விரல்கடை எழும்பி 412 என்று காட்டிவிட்டு மறுபடி இறங்கிக்கொண்டது. எடை பார்க்கச் சம்மதித்தது, இடம் மாறச் சம்மதிக்கவில்லை. இராமச்சந்திரன் சாந்தமான மனிதர். சர்க்கரை போட்டால் தீர்ந்தது என்று தன் வீட்டுச் சர்க்கரையையே கால் கிலோ கொட்டிப் பார்த்தார். எடை பதினொரு கிலோ கூடியது. தன் வீட்டுப் பாத்திரத்துக்குத் தானே மரியாதை செய்துகொள்ள முடியாது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவருக்கு விளக்கினார்கள். அவர் சர்க்கரையை வழித்து எடுத்துக் காபிக்குப் போட்டுக்கொண்டார்.

இந்த டப்பா என் வாசலை விட்டு நகர்கிற அன்றைக்குத்தான் கல்யாணப் பேச்சும் நகரும் என்று கோவிந்தம்மா சொல்லி அனுப்பினார். வல்லக்கோட்டையில் இடி விழுந்தது. இரண்டு ஷிப்ட் முடித்து வந்த காவேரி, மகள் அழுகிற சத்தத்தைக் கேட்டு, சீட்டின் நகலைப் படித்து, கணவரைப் பார்த்தார். காவேரி கணவரை மரியாதையாகத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடும்.

“யோவ், ஒரு புடி சக்கர போடக் கூடாதா? ரெண்டு வாழப்பழம்? ஒரு வெத்தல பாக்கு? ஒண்ணும் இல்லன்னா ஒரு துண்டு வெல்லமாவது போட்டிருக்கக் கூடாதா?”

“இன்னா தப்புன்னு சொல்லு,” என்றார் கண்ணப்பன். “ஒரு கீறல் கீதா? ஒரு பிசுக்கு கீதா? அஞ்சு நாள்ல திருப்பிட்டேன். சரக்கு அனுப்புற எந்த வெண்டார வேணா கேட்டுப் பாரு, அஞ்சு நாள்ல எவனும் திருப்ப மாட்டான்.”

தன் பக்கம் நியாயம் இருப்பதை நிரூபிக்க அவர் கம்பெனி வழக்கப்படி ஒரு தாள் எடுத்து, ஐந்து ‘ஏன்’ எழுதினார். எதில் கோளாறு வந்தாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் அடி வேர் கிடைத்துவிடும் என்பது அங்கே வேதம். டப்பா ஏன் கனக்கிறது? காலியாக இருப்பதால். ஏன் காலி? திருப்பி அனுப்பியதால். திருப்பினால் ஏன் காலி? அதுதான் முறை. ஏன் அது முறை? பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். ஐந்தாவது ஏனுக்கு அவருக்குப் பதில் வரவில்லை. தாளைக் கடிகாரங்களுக்குக் கீழே ஆணியில் குத்திவைத்தார். அது அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தை வந்தது, போனது. வழி பிறக்கவில்லை. காவேரியின் நச்சரிப்புத் தாங்காமல் பொங்கலுக்குக் கண்ணப்பன் ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். அது கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்தது. பீரோவுக்கு மேலே வைத்திருந்தது. கோவிந்தம்மா அதைப் பிரித்து ஒரு துண்டை டப்பாவில் போட்டதும் தரையில் சிமெண்ட் விரிசல் விட்டது. ஜாக்கி 460 காட்டியது. மாசியில் காவேரியே லீவு போட்டு உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றி எடுத்துப் போனார். ஒன்பது சுற்று முறுக்கு, ஒன்றுகூட உடையவில்லை. கோவிந்தம்மா அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, முறுக்கைக் கடித்துப் பார்த்து, நல்லா கீது அண்ணி என்று மனசாரச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து டப்பாவை முறுக்கால் நிரப்பிவிட்டு ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள். முப்பது கிலோ இறங்கி 430-இல் நின்றது. முறுக்கு தீர்ந்த பிறகும் அதே 430.

“உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. டப்பா ஒத்துக்கல, நான் இன்னா பண்ண?” என்றார் கோவிந்தம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது.

காவேரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார். “யோவ், கழுவிக் குடுத்த கை உன்னுது. உன் கையால சுட்டு எடுத்துகினு போனாத்தான் அது எழுந்துக்கும்.”

கண்ணப்பன் அதுவரைக்கும் அடுப்பைப் பற்றவைத்ததுகூட இல்லை. லைட்டர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆம்பளை சுட்ட அதிரசத்தை எந்த ஊரில் சம்பந்திக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. புரட்டாசியில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் மணிகண்டபிரபுவைப் பார்க்க வந்தது. உறவுக்காரர்கள் செய்த ஏற்பாடு. பெண்ணின் தகப்பனார் வாசற்படியில் டப்பாவைக் கவனிக்காமல் காலால் எற்றி, கட்டைவிரல் முறிந்து, காபி குடிக்காமலே திரும்பிப் போனார். ஆனால் விரல் கூடியதும் மறுபடி வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கோவிந்தம்மா ஆறப்போட்டுப் பார்த்தார், உறவுக்காரர்கள் விடவில்லை. இந்த நோன்புக்குள் டப்பா நகர்ந்தால் வல்லக்கோட்டை, நகராவிட்டால் காஞ்சிபுரம் என்று கடைசியில் சொல்லிவிட்டார். மணிகண்டபிரபு வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தி, கம்பெனி கேன்டீனில் மூன்று வேளையும் சாப்பிட்டு, மூன்று கிலோ கூடினான்.

இசைவாணி சத்தம் போடவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். காலையில் காபியை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டு வைப்பாள்: ‘டம்ளர் – 1 எண். காபி உள்ளது.’ சாப்பாட்டுக்கும் சீட்டு, துவைத்த சட்டைக்கும் சீட்டு. கண்ணப்பன் முதலில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாற்பதாவது நாளோ என்னவோ, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபி ஆறிப் போனது. எழுந்து போய், ஆணியில் ஆடிக்கொண்டிருந்த தாளை எடுத்து, ஐந்தாவது ஏனுக்கு நேராக எழுதினார்: ‘அவங்க குடுத்ததை நான் டப்பான்னுதான் பார்த்தேன்.’ பிறகு கம்பெனிக்குப் போன் செய்து பத்து நாள் லீவு சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் முதல் லீவு. எதிர்முனையில் இருந்தவர் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். அந்தப் பத்து நாளில் ஸ்டோர்ஸில் நீலப் பெட்டிகள் மலையாகக் குவிந்து, ஒரு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே சிக்கிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அதிரசம் லேசுப்பட்ட பலகாரம் இல்லை. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கொட்டிக் கிளறி, மாவை இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். எல்லாம் பாகில் இருக்கிறது. இளம் பாகானால் எண்ணெயில் பிரிந்து போகும். முற்றினால் சுத்தியல் வேண்டும். காவேரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொல்வேன், செய்யமாட்டேன் என்றார். கண்ணப்பன் கம்பெனியிலிருந்து தூரத்தில் நின்றே சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். பாகை அதால் சுட்டுச் சுட்டு நூற்றுப் பதினாறு டிகிரியில் இறக்கினார். முதல் மாவு எண்ணெயில் விழுந்ததும் மணல் மாதிரி கரைந்து காணாமல் போனது. இரண்டாவது முறை நூற்றுப் பதினெட்டு. அது வெந்தது. கண்ணப்பன் ஒன்றைக் கடித்து, கடித்த பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தெரு நாய் ஒன்றுக்குப் போட்டார்கள். அது கவ்விக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது. கிலோ எழுபது ரூபாய் வெல்லம், ஆறு கிலோ போயிற்று.

நோன்புக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசிப் பாகு அடுப்பில் இருந்தது. கண்ணப்பன் துப்பாக்கியைத் துடைத்துக் குறி பார்த்தார். வாசற்பக்கம் நின்று மாவு சலித்துக்கொண்டிருந்த இசைவாணி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். வந்து, தட்டில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“அத தூக்கிப் போடுப்பா. விரல வெச்சுப் பாரு.”

நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. கண்ணப்பன் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் கூட்டி உருட்டினார். உருளவில்லை. மறுபடி விட்டார், உருண்டது. இன்னும் கொஞ்சம் என்று அவசரத்தில் மூன்றாம் முறை தட்டை விட்டுவிட்டு நேரே கரண்டியில் விரல் வைத்தார், தோல் உரிந்தது. மகள் அந்த விரலைப் பிடித்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, எறக்கும்மா, எறக்கு என்று கத்தினாள். காவேரி செய்யமாட்டேன் என்று சொன்னதை மறந்து பாய்ந்து பாத்திரத்தை இறக்கினார். மூன்று பேரும் சேர்ந்து மாவைக் கொட்டிக் கிளறினார்கள். கண்ணப்பனுக்குக் கண்ணில் நீர் வந்தது. விரல் எரிச்சல் என்று சொன்னார், அது ஓரளவு உண்மை.

நோன்பன்று காலை அறுபத்து மூன்று அதிரசம் சுட்டார். வட்டமாக ஒன்றும் வரவில்லை. ஒன்று மாங்காய் மாதிரி, ஒன்று காது மாதிரி, சில என்ன மாதிரி என்றே சொல்ல முடியாது. இசைவாணி வேலைப் பழக்கத்தில் அவற்றை வரிசையாகப் பரப்பி, நாற்பத்திரண்டைக் கழித்து, இருபத்தொன்றைத் தேர்ந்தெடுத்தாள். கண்ணப்பன் தன் சாப்பாட்டுத் தூக்கில் அவற்றை அடுக்கிக்கொண்டு வாலாஜாபாத்துக்குத் தனியாக வண்டியில் கிளம்பினார். சீட்டு எழுதவில்லை.

அவர் டப்பாவைத் தாண்டி உள்ளே போகவில்லை. வாசற்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். அவர் கையெழுத்தில் சீட்டு அங்கேயே இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதிரசங்களை ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். மணிகண்டபிரபு ஜாக்கியின் அளவைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகவே இறங்கியது. பத்து வைத்தபோது தெருவே கூடிவிட்டது. பதினைந்தாவது அதிரசம் கை நழுவிக் கீழே விழப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள் முருகா என்று கூவினார். இருபத்தொன்றையும் வைத்து மூடியதும், அழுத்துவதற்கு எதிர்ப்பு இல்லாமல் ஜாக்கி தானாகத் துள்ளிச் சாய்ந்தது. கோவிந்தம்மா குனிந்து ஒரே கையால் டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் சிலர் கலைந்து போனார்கள், அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“தப்பு பண்ணிட்டேம்மா,” என்றார் கண்ணப்பன். “குடுத்தவங்கள பாக்கல, டப்பாவ பாத்துட்டேன்.”

கோவிந்தம்மா காது மாதிரி இருந்த அதிரசத்தை எடுத்துக் கடித்தார். நேரம் எடுத்து மென்றார். உள்ளே மணியடித்துப் பூஜை முடிகிற வரைக்கும் மென்றார் என்று இராமச்சந்திரன் பிற்பாடு சொன்னது மிகை.

“ஏலக்கா போடலியா?”

கண்ணப்பன் திகைத்தார். “மறந்துட்டேன்.”

“அடுத்த தபா போடுங்க அண்ணா,” என்றார் கோவிந்தம்மா.

அடுத்த தபா என்று ஒன்று இருக்கிறது என்றால் கல்யாணம் நடக்கிறது என்றுதானே பொருள். மணிகண்டபிரபு காலண்டர் எடுக்க உள்ளே ஓடினான். காலண்டர் வந்தது, தை பன்னிரண்டு நல்ல நாளாக இருந்தது. கோவிந்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்து ஏற்பாடு செய்த உறவுக்காரர்களுக்கு நாள் சொன்னார், இன்னொரு கையால் காபி கலந்தார், நடுவில் கண்ணப்பனின் தூக்கைத் தேய்த்துக் கழுவி முந்தானையால் துடைத்தார். கண்ணப்பன் புறப்பட்டபோது வாசல் வரைக்கும் வந்து, இரண்டு கையாலும் தூக்கை நீட்டினார். கண்ணப்பன் வாங்கினார். பத்தொன்பது வருஷம் பெட்டி தூக்கிய கை; திறக்காமலே அதற்குத் தெரிந்துவிடும். தூக்கு காலியாக இருந்தது. பளபளவென்று சுத்தமாக, ஒரு கல் சர்க்கரைகூட இல்லாமல் இருந்தது. ஒரு வருஷம் அந்தக் கனத்தைத் தாண்டித் தாண்டி நடந்த பெண்மணிதான். சந்தோஷத்தில் கை மறந்துபோனது, வேறொன்றும் இல்லை.

கண்ணப்பன் வாயைத் திறந்தார். கோவிந்தம்மா அதற்குள் உள்ளே திரும்பி, போனில் யாரிடமோ, ஆமாம்மா, அவரே சுட்டு எடுத்துகினு வந்தாரு, அவரே, என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு வருஷமாக யாரும் சிரிக்கவில்லை என்பது கண்ணப்பனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வண்டியை உதைத்தார். தென்னேரி வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. எழிச்சூரில் மூன்றாவது கியர் போனது. ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், தூக்கு மாட்டிய ஒரு மனிதர் முதல் கியரில் உறுமிக்கொண்டு நடக்கிற வேகத்தில் போவதைப் பார்த்தார்கள். வல்லக்கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. மீதித் தூரத்தை அவர் தள்ளிக்கொண்டே வந்தார். சட்டை பிழிய நனைந்திருந்தது.

நாள் குறித்தாகிவிட்டது என்று சொன்னதும் இசைவாணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் போன் பேச உள்ளே ஓடிய பிறகு, வாசல் ஓரமாக இறக்கி வைத்த தூக்கை எடுக்கக் காவேரி குனிந்தார். எடுக்க வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

“சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க,” என்றார் காவேரி. உள்ளே போய்ச் சுடுதண்ணீர் வைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்து அவர் முதுகில் ஒத்தடம் கொடுத்தார்.

தை பன்னிரண்டாம் தேதி கல்யாணம் நடந்தது. பலகாரம் முழுக்கச் சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். அதிரசத்துக்கு மட்டும் கண்ணப்பனைக் கூப்பிட்டார்கள், ஏலக்காய் போட்டார். அடுத்த வருஷம் இசைவாணிக்கு வாலாஜாபாத்தில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தபோது கோவிந்தம்மாவும் கூட வந்தார். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், கால்மாட்டில் தூக்கு இருப்பதைப் பார்த்தார். அதைச் சுற்றிக் காவேரி தினமும் பெருக்கி, கோலத்தின் ஒரு கோட்டை அதற்காக வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணா இது, வழியில கீது? எடுத்து உள்ள வெக்கக் கூடாதா?”

“கம்பெனி சாமான்மா,” என்றார் கண்ணப்பன். “திருப்பணும். மெதுவா திருப்பிக்கலாம்.”

கோவிந்தம்மா தலையாட்டிவிட்டு, காபி டம்ளரை அதன் மூடிமேல் வைத்தார். நல்ல உயரமாகத்தான் இருக்கிறது என்றார். கண்ணப்பன் அவருக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.